ஈரமணல் பானை

கீழ ரத வீதி, திருநெல்வேலி டவுண்
சௌமிய வருஷம் வைகாசி 6 (1909)

காந்திமதியம்மை துணை.

திண்டுக்கல்லில் இருக்கும் என் தம்பி சிவசைலத்துக்கு அண்ணன் தாணுமாலையன் ஆசீர்வாதம். நானும் உன் மதினி பிரம்மநாயகியும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம். ஆற்றில் தண்ணீர் முழங்காலுக்குத்தான் ஓடுகிறது. அந்த ஊர்த் தண்ணீர் உனக்கு ஒத்துக்கொண்டதா? ராத்திரியில் தயிர் சாப்பிடாதே.

நீ கொள்முதல் செய்து அனுப்பிய புகையிலை பதினான்கு சிப்பமும் ரயிலில் வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றிலும் அப்பா காலத்து வேல் முத்திரை பளிச்சென்று இருக்கிறது. பார்க்கப் பார்க்கப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையில் மண்ணைப் போட்டான் நம் கிடங்குக்காரன் ஞானசிகாமணி. சிப்பத்து ஓலைப் பாய்க்குள் கையை நுழைத்துப் பார்த்துவிட்டு, "அய்யா, சரக்கு உள்ளுக்குள்ள கொதிக்கு. பிரிச்சு நாலு நாள் நெழல்ல ஒணத்திட்டு அப்புறம் பானையில அடைப்போம்" என்றான். கடை நிறைய ஆட்கள் நிற்கிறார்கள்.

"ஏலே, எந்தம்பி முத்திரை குத்தின சரக்கை நீ சோதிச்சுப் பாக்கியா?" என்று கேட்டேன். "கை சொல்லுது அய்யா" என்றான். ஓங்கி ஒன்று விட்டேன். உதடு கிழிந்து ரத்தம் புதுப் பாயில் சொட்டியது. துடைக்கச் சொன்னேன், துடைத்தான். வேதக்கோவிலில் ஞாயிற்றுக்கிழமை பாட்டுப் பாடுகிறவனுக்கு எவ்வளவு வாய் பார்!

நம் முத்திரையை நம் வீட்டு ஆளே பிரித்துச் சோதித்தான் என்று வெளியே தெரிந்தால் நாளைக்கு எவன் மதிப்பான்? நேரே பானையில் அடைக்கச் சொல்லிவிட்டேன். இலையைப் பதப்படுத்திப் பாடம் எப்படி ஏற்றினாய் என்று நாலு வரி எழுது, இவன் மூக்குக்கு முன்னால் நீட்டுகிறேன். ஆனித் தேருக்கு வந்து சேர்.

உன் நலம் கோரும்
தாணுமாலையன்


திண்டுக்கல்
வைகாசி 21

அண்ணாச்சி அவர்கள் சமூகத்துக்குத் தம்பி சிவசைலம் வணங்கி எழுதுவது. உங்கள் கடிதம் வந்து பத்து நாளைக்கு மேல் ஆகிறது, பதில் எழுதத் தாமதித்ததற்கு மன்னிக்க வேண்டும். மதினிக்கு மூட்டுவலி தேவலையா? எனக்குக் கடைவாய்ப் பல்லில் வலி. அதற்காகத்தான் மாசியில் பத்து நாள் மதுரைக்குப் போயிருந்தேன்.

இங்கே இந்த வருஷம் இலை நல்ல நீளம், நல்ல கனம். வேடசந்தூர்ப் பக்கம் வெயில் தாங்க முடியவில்லை. கிணறுகள் வற்றிவிட்டன. எனக்குச் சமைத்துப் போடும் அம்மாளுக்கு ஊர்ப்பட்ட கோபம், எல்லாவற்றிலும் புளியை அள்ளிப் போடுகிறாள்.

பானையைப் பற்றி ஒரு வார்த்தை. ஞானசிகாமணி கைப்பழக்கம் உள்ளவன். அவன் உணத்த வேண்டும் என்று சொன்னால் உணத்தட்டுமே அண்ணாச்சி. நாலு நாளில் என்ன கெட்டுவிடப் போகிறது? ஏற்கெனவே அடைத்துவிட்டாலும் பாதகமில்லை. திறந்து, இலைகளை உதறி, மறுபடியும் அடைக்கலாம். பாடம் எல்லாம் வழக்கப்படிதான்.

அடிக்கடி எழுதுங்கள்.

பணிவுள்ள
சிவசைலம்


திருநெல்வேலி டவுண்
ஆனி 4

தம்பி சிவசைலத்துக்கு ஆசீர்வாதம். வீட்டில் எல்லாரும் சுகம். உன் பல்வலிக்குக் கிராம்பு அடக்கிக்கொள். மதினி உனக்கு மாவடு போட்டு வைத்திருக்கிறாள்.

நீயுமா அந்தப் பயல் பக்கம் பேசுகிறாய்? பானையை நடுவில் திறக்கலாமாம்! புகையிலைக் கடையில் பிறந்தவன் எழுதுகிற எழுத்தா இது? ஆற்று மணலை ஈரமாக்கிப் பரப்பி, அதில் பானையைக் கழுத்துவரை புதைத்து, உதிரி இலையை வாழைச்சருகு சுற்றி அடுக்கி, வாயைத் துணியால் கட்டிக் களிமண் பூசினால் நாற்பது நாள் யார் கையும் படக்கூடாது. நாற்பதாம் நாள் முதல் இலை சுடலைமாடனுக்கு. அப்புறம்தான் மனுஷனுக்கு. தாத்தா காலத்திலிருந்து இந்தக் கடையில் அதுதான் சட்டம். வெளிக்காற்றில் இலை நொறுங்கிப் பொடியாகும். தண்ணீரைக் கொட்டி வைத்தால் பூசணம் பிடிக்கும். மணலின் ஈரம் பானைச் சுவர் வழியாகப் பைய உள்ளே போய் இலையைப் பதமாக வைத்திருக்கும்.

இதெல்லாம் தெரிந்த அந்தப் பயல் இருபதாம் நாள் என்ன செய்தான் தெரியுமா? நான் குறுக்குத்துறைக்குக் குளிக்கப் போன நேரம் பார்த்து நாலாம் பானைக் களிமண்ணை உடைத்துத் திறந்து, இலையை எடுத்து மச்சில் விரித்துப் போட்டுவிட்டான். கேட்டால், "உள்ள வேகுது அய்யா, இப்பமே எடுத்தா பாதியாவது பொழைக்கும்" என்கிறான். நான் எந்த இலையையும் பார்க்கவில்லை. பிரம்பை எடுத்தேன். முதுகில் ஆறு வரி. ஆறாவது வரியில் தோல் பிரம்போடு வந்தது. அவனையே திரும்ப அடைக்கச் சொன்னேன். ரத்தம் வழிய வழிய அடைத்தான். கத்தவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம்.

அவன் பெண்டாட்டி சாரம்மாள் சாயங்காலம் வந்து கடை வாசலில் நின்றாள். அழுவாள் என்று பார்த்தேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனாள். மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலு எழுத்துப் படித்த திமிர்.

நீ இன்னும் பாடம் ஏற்றிய விவரம் எழுதவில்லை. தேர் ஆனி 20-க்கு மேல். கட்டாயம் வா.

தாணுமாலையன்


திண்டுக்கல்
ஆனி 19

அண்ணாச்சி அவர்களுக்குத் தம்பியின் வணக்கம். மதினிக்கும் என் வணக்கம். மாவடுவை நினைத்தால் வாயில் நீர் ஊறுகிறது.

எனக்கு நாலு நாளாகக் குளிர்காய்ச்சல். எழுந்து நிற்க முடியவில்லை. தேருக்கு வர முடியாது. நெல்லையப்பர் என்னை மன்னிப்பார்.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஞானசிகாமணியை அடிக்காதீர்கள் அண்ணாச்சி. அடிக்கிற அளவுக்கு அவன் எதுவும் செய்திருக்க மாட்டான். நான் உடம்பு தேறியதும் நேரில் வந்து பேசுகிறேன். நேரில் பேசினால்தான் சரியாக இருக்கும்.

சிவசைலம்


திருநெல்வேலி டவுண்
ஆனி 29

தம்பி சிவசைலத்துக்கு ஆசீர்வாதம். காய்ச்சல் விட்டதா? சுக்குக் கஷாயம் குடி. இங்கே உடம்புக்குக் குறைவில்லை. மானம்தான் போயிற்று.

நாற்பது நாளும் முடிந்து, தேரும் கழியட்டும் என்று நேற்றுக்கு நாள் குறித்திருந்தேன். பானை திறக்கிறோம் என்று கல்லிடைக்குறிச்சியிலிருந்தும் கொற்கையிலிருந்தும் நம் பழைய வாடிக்கைக்காரர்கள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். சூடம் காட்டி முதல் பானைக் களிமண்ணை நானே தட்டினேன். சருகை விலக்கியதும் ஒரு வாடை வந்தது பார், செத்த எலி வாடை! மேலே வெள்ளைப் பூசணம். கீழே கருத்துக் கூழாகப் போன இலை. இரண்டாம் பானை அப்படியே. பத்தும் அப்படியே. நாலாம் பானையில் மட்டும் மேல் பாதி தேறியது. கல்லிடைக்குறிச்சிக்காரர், "என்ன வே தாணுமாலையா, சுடலைக்கே இது ஆகாதே" என்று சொல்லிப் படியில் துப்பிவிட்டு இறங்கினார். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் கிடக்கிறது.

கதவைச் சாத்தினேன். ஞானசிகாமணியைக் கிடங்குத் தூணில் கட்டினேன். "வஞ்சம் வச்சுப் பானையில தண்ணி ஊத்தினேன்னு ஒத்துக்கோலே" என்றேன். "நான் ஊத்தலை அய்யா. தண்ணி சிப்பத்துக்குள்ளயே இருந்துச்சு" என்றான்.

அப்படியானால் நீ என்று ஆகிறதே, தம்பி! அப்பா முத்திரை பொய் என்று ஆகிறதே! அதைச் சொன்ன வாயை விட்டுவிட்டேன். சிப்பத்துக்குள் நுழைந்து சூடு பார்த்தது கைதானே? வலது கையைப் பலகையில் விரித்து வைத்து, சிப்பம் இடிக்கிற மரக் கொட்டாப்புளியால் ஒவ்வொரு விரலாக அடித்தேன். சுண்டுவிரலில் ஆரம்பித்தேன். நடுவிரலுக்கு வரும்போது மயங்கிவிட்டான். தண்ணீர் தெளித்து எழுப்பி மிச்சத்தை முடித்தேன்.

அவன் இப்போது கிடங்கில் பூட்டிக் கிடக்கிறான். நீ ஒரே ஒரு வரி எழுது, சரக்குக்கு ஒழுங்காகப் பாடம் ஏற்றினேன் என்று. அதைக் காட்டி இவன்தான் கெடுத்தான் என்று போலீசில் கொடுக்கிறேன். இல்லை, உன் பக்கம் ஏதாவது பிசகு என்றால் அதையும் எழுது, கதவைத் திறந்து விட்டுவிடுகிறேன். பிசகு இருக்காது. ஆனாலும் உன் கையெழுத்து வரும்வரை பூட்டுத் திறக்காது. மறுதபாலில் எழுது. முடிந்தால் நீயே வா.

தாணுமாலையன்


திருநெல்வேலி டவுண்
ஆடி 6

சிவசைலத்துக்கு.

ஒரு வாரமாகிறது, உன்னிடமிருந்து ஒரு எழுத்தும் இல்லை. காய்ச்சல் அதிகமா? உனக்கு ஏதாவது என்றால் ஒரு தந்தியாவது அடிக்கச் சொல்லக்கூடாதா? எனக்குச் சோறு இறங்கவில்லை.

கிடங்குக்காரன் கை தொடை மாதிரி வீங்கி நாறுகிறது. பிதற்றுகிறான். கத்துகிறானே என்று இன்று காலை போய் நெஞ்சில் ஒரு மிதி மிதித்தேன். அதிலிருந்து சத்தம் குறைவு. உன் மதினி எனக்குத் தெரியாமல் அவனுக்குக் கஞ்சி கொண்டுபோனாள். கஞ்சிச் சட்டியைப் பிடுங்கி அவள் மேலேயே கொட்டினேன். தோள் வெந்துவிட்டது. வெண்ணெய் தடவிப் படுத்திருக்கிறாள். என்னோடு பேசுவதில்லை.

அந்தச் சாரம்மாள் விடிந்ததிலிருந்து இருட்டுகிறவரை கடைப்படியில் உட்கார்ந்திருக்கிறாள். ஆளை விட்டுத் தள்ளினால் எழுந்து மறுபடியும் வந்து உட்காருகிறாள்.

ஒரு வரிதானேடா கேட்டேன்?

தாணுமாலையன்


திண்டுக்கல்
ஆடி 8

அண்ணாச்சி அவர்களுக்கு.

இதைப் படித்த உடனே எழுந்து போய்க் கிடங்கைத் திறங்கள். மீதியை அப்புறம் படியுங்கள்.

ஞானசிகாமணி சொன்னது நிஜம். தண்ணீர் சிப்பத்துக்குள்ளேயே இருந்தது. நான்தான் தெளித்தேன். எனக்குப் பல்வலி எதுவும் கிடையாது. மதுரைக்கு ஒரு நாடகக் கம்பெனி வந்திருந்தது. ஒரு ராத்திரி பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று போனேன். பத்து நாள் இருந்துவிட்டேன். வேடசந்தூரில் அம்பாரம் போட்டிருந்த இலையை மூன்று நாளைக்கு ஒரு முறை மேலது கீழும் கீழது மேலுமாகப் புரட்டிப்போட வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆள் புரட்டுவான் என்று சும்மா இருந்தேன். ஆளும் என்னைப் போலவே இருந்துவிட்டான்.

வந்து பார்த்தால் அம்பாரத்தின் நடுவயிறு தீய்ந்துபோயிருந்தது. தொட்டால் பொடி. அதை மறைக்கக் கருப்பட்டித் தண்ணீரை இரண்டு தடவை தெளித்தேன். இலை மினுமினுவென்று ஆயிற்று. உணத்தாமல் அன்றைக்கே பாய் சுற்றித் தைத்தேன். வெளிச்சுற்றுக்கு நல்ல இலை வைத்தேன். முத்திரை குத்தும்போது என் கை நடுங்கவில்லை.

ஆனி 29-ஆம் தேதிக் கடிதத்தில் அவன் விரல்களைக் கொட்டாப்புளியால் உடைத்ததாக எழுதியிருந்தீர்கள். அது எனக்கு ஆடி 1-லேயே கிடைத்தது. ஏழு நாள் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். தினமும் நாளைக்கு எழுதலாம் என்று நினைத்தேன். உங்களுக்குப் பயந்தேன் அண்ணாச்சி. சின்ன வயசிலிருந்தே பயம். இன்று உங்கள் இரண்டாவது கடிதத்தில் நெஞ்சில் மிதித்தேன் என்று படித்தபோது அந்த மிதி என்மேல் விழுந்திருக்க வேண்டியது என்று தோன்றியது.

அவனை மிஷன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போங்கள். மதினி காலில் என் சார்பில் விழுங்கள்.

சிவசைலம்


திருநெல்வேலி டவுண்
ஆடி 11

தம்பி சிவசைலத்துக்கு ஆசீர்வாதம். நான் சுகம். உன் மதினிக்குத் தோள் ஆறி வருகிறது.

உன்னிடமிருந்து கடிதம் எதுவும் வரவில்லை. இனித் தேவையும் இல்லை. ஞானசிகாமணி முந்தாநாள் மத்தியானம் போய்விட்டான். நேற்று அவன் ஆட்கள் வந்து எடுத்துப்போய்ப் புதைத்தார்கள். அடுக்கியிருந்த காலிப் பானைகள் சரிந்து மேலே விழுந்து செத்தான் என்று ஏட்டு வந்து எழுதிக்கொண்டார். நானே நாலு பானையை உடைத்துப் போட்டிருந்தேன். நல்ல பானைகள்.

நேற்று முழுக்கப் போலீஸ் ஸ்டேஷனில் இருந்தேன். கடை பூட்டிக் கிடந்தது. இன்று திறந்து மணலையெல்லாம் வாரிக் கொட்டிவிட்டுப் புது மணல் அடிக்கச் சொல்லியிருக்கிறேன். பழைய மணலில் வாடை போகவில்லை.

என் கடிதங்கள் எல்லாவற்றையும் அடுப்பில் போடு. மறக்காதே.

தாணுமாலையன்


திண்டுக்கல்
ஆடி 14

அண்ணாச்சி அவர்களுக்கு.

உங்கள் கடிதம் கிடைத்தது. என் கடிதம் வரவில்லையா? ஆடி 8-ல் என் கையாலேயே தபாலில் போட்டேன். 10-ஆம் தேதி அங்கே கிடைத்திருக்க வேண்டும். கடைக் கதவுத் தகரப் பெட்டியில் பார்த்தீர்களா? அதில் எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன், நான் அம்பாரத்தைப் புரட்டாதது, தண்ணீர் தெளித்தது, உணத்தாமல் கட்டியது, எல்லாம். அவன் குற்றமே செய்யாதவன். அவன் கை சொன்னது சரி.

அந்தக் கடிதம் வேறு யார் கையிலாவது சிக்கியிருந்தால் நம் இரண்டு பேர் கதியும் என்ன? தேடிப் பாருங்கள் அண்ணாச்சி. தேடிப் பாருங்கள்.

சிவசைலம்


திருநெல்வேலி டவுண்
ஆடி 18

தம்பிக்கு ஆசீர்வாதம். இங்கே காற்று பலமாக அடிக்கிறது. மதினி பிறந்தகம் போயிருக்கிறாள்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கடையில் தனியாக உட்கார்ந்திருந்தேன். நீ பக்கத்தில் இருந்திருந்தால் உன் கழுத்தை நெரித்திருப்பேன். அந்தக் கையை வீணாக உடைத்தோமே என்று ஒரு நிமிஷம் மனசு கேட்டது. பிறகு கடைக்கு ஆள் வந்துவிட்டது. என்ன செய்ய? நீ என் ரத்தம். அவன் போனவன்.

தகரப் பெட்டி காலி. ஆனால் 10-ஆம் தேதி, அடக்கம் முடிந்ததும் சாரம்மாள் மறுபடியும் வந்து நம் படியில்தான் உட்கார்ந்திருந்தாளாம். எதிர்க்கடைக்காரர் சொன்னார். தபால்காரன் வழக்கம்போலப் பெட்டியில் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். வேறு எங்கே போகும்? நேற்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் அவர்கள் தெருவே வேதக்கோவிலில் பாடிக்கொண்டிருந்தபோது இரண்டு ஆட்களை அனுப்பினேன். ஓலை வீடு, அடிக்கிற காற்று. அரை நாழிகை. பாட்டு முடிந்து வந்தவள் பதறிப்போய் உள்ளே பாய்ந்திருக்கிறாள். சேலையில் தீப்பிடித்து முதுகு வெந்ததாம், இழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஒரு துரும்பு மிஞ்சவில்லை.

ஆகவே உன் கடிதம் முடிந்தது. மிச்சம் என் கடிதங்கள். எரித்துவிட்டேன் என்று ஒரு வரி எழுது. இந்தத் தடவையாவது மறுதபாலில்.

தாணுமாலையன்


பாளையங்கோட்டை, மிஷன் ஆஸ்பத்திரி
4 ஆகஸ்டு 1909

திண்டுக்கல் சிவசைலம் ஐயா அவர்களுக்கு, ஞானசிகாமணியின் மனைவி சாரம்மாள் எழுதுவது. கர்த்தர் உங்களுக்குத் திடம் கொடுப்பாராக. நான் குப்புறப் படுத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும்.

நீங்கள் உங்கள் அண்ணனுக்கு எழுதிய கடிதத்தை எடுத்தவள் நான்தான். அவரை மண்ணுக்குள் வைத்துவிட்டுத் திரும்பினேன். வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. பத்து நாள் உட்கார்ந்த படியிலேயே போய் உட்கார்ந்தேன். தபால்காரர் பெட்டியில் போட்டுவிட்டுப் போனார். அடுத்தவர் கடிதத்தைப் பிரிப்பது பாவம் என்று படித்தவள்தான். பிரித்தேன். "உடனே எழுந்து போய்க் கிடங்கைத் திறங்கள்" என்று முதல் வரி. ஐயா, நான் எழுந்தேன். அவர் செத்தது மறந்துபோய், கதவைத் திறக்கலாம் என்று எழுந்தேன்.

பூட்டியிருந்த நாட்களில் கதவு இடுக்கு வழியாக என்னோடு பேசுவார். கடைசியாகத் தெளிவாகப் பேசியது என்ன தெரியுமா? "சாரா, நாலாம் பானையில மேல இருக்க எலைய எடுத்து ஒணத்தச் சொல்லு. அது பொழைச்சுக்கும். நான் சொன்னேன்னு சொல்லாத, அவுக எடுக்க மாட்டாக." உங்கள் சரக்கைப் பற்றித்தான். தண்ணீர் வேண்டும் என்று கேட்கவில்லை.

என் வீட்டை எரித்தார்கள். கடிதத்துக்காகத்தான் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவர்கள் புகையிலைக் கடைக்காரர்களாக இருந்தும் ஒன்றை யோசிக்கவில்லை. எங்கள் வீட்டிலும் அவர் ஒரு பானை புதைத்து வைத்திருந்தார், அடுப்புக்கு எதிர் மூலையில், ஆற்று மணலில் கழுத்துவரை. வாய்க்கு மேலும் ஒரு சாண் ஈரமணல். தன் வாய்க்குப் போடுகிற உதிரிப் புகையிலையை அதில்தான் வைப்பார். எங்கள் ஞானஸ்நானச் சீட்டு, கல்யாணச் சீட்டு எல்லாம் அதற்குள்தான் இருக்கும். புகையிலையோடு கிடக்கிற காகிதத்தைப் பூச்சி அரிக்காது என்பார். நான் தினமும் மணலுக்குத் தண்ணீர் தெளிப்பேன். அவர் போன பிறகும் தெளித்தேன், கை பழகிவிட்டது. உங்கள் கடிதத்தையும் வாழைச்சருகில் சுற்றி அதில்தான் வைத்தேன்.

நான் தீக்குள் பாய்ந்தது பானையை எடுக்க. முடியவில்லை. மறுநாள் என் அண்ணன் தேவசிகாமணி சாம்பலைத் தள்ளி மணலைத் தோண்டினான். மேல்மணல் சுட்டுக் காய்ந்திருந்தது, அடியில் ஈரம் இருந்தது. இலைகூட நொறுங்கவில்லை. உங்கள் கடிதம் ஒரு எழுத்து அழியாமல் இருக்கிறது. புகையிலை வாசம் அடிக்கிறது, அவ்வளவுதான்.

அது அவர் தப்புச் செய்யவில்லை என்று சொல்லும். அவரைக் கொன்றது யார் என்று சொல்ல உங்கள் அண்ணன் உங்களுக்கு எழுதிய கடிதங்கள் வேண்டும். விரல்களை உடைத்ததை அவரே எழுதினார் என்று நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள். ஜில்லா மாஜிஸ்திரேட் துரையிடம் எங்கள் சபைப் போதகர் மனு கொடுத்திருக்கிறார். ஆவணி 1-ல் விசாரணை.

உங்களிடம் அழ மாட்டேன். அவர் கேட்கிறதாக நினைத்துக் கேட்கிறேன். உங்கள் சரக்கை அவர் கெடாமல் காப்பாற்றப் பார்த்தார். நீங்கள் அவருக்கு என்ன செய்யப் போகிறீர்கள்?

சாரம்மாள்


திண்டுக்கல்
ஆடி 25

அண்ணாச்சி அவர்களுக்குத் தம்பி சிவசைலம் எழுதுவது.

இந்தத் தடவை மறுதபாலில் எழுதவில்லை என்று கோபிக்காதீர்கள். மூன்று நாள் அடுப்புப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். உங்கள் ஆறு கடிதமும் மடியில் இருந்தன. ஒன்றைத் தீக்குக் கிட்டே நீட்டிக்கூடப் பார்த்தேன். விளிம்பு கருகியதும் இழுத்துக்கொண்டேன். அப்புறம்தான் சாரம்மாள் கடிதம் வந்தது.

அவள் வீடு எரிந்ததற்கும் நானே காரணம். என் கடிதத்தைத் தேடச் சொல்லி உங்களுக்கு எழுதியவன் நான். பயந்து பயந்து ஒரு உயிரும் ஒரு வீடும் போய்விட்டன. பானை எரியவில்லை அண்ணாச்சி. மணலுக்குள் இருந்தது. நான் எழுதியது அவளிடம் பத்திரமாக இருக்கிறது.

நீங்கள் எழுதியதும் பத்திரமாக இருக்கிறது. இங்கே ஒரு சின்னப் பானை வாங்கி, ஈரமணல் போட்டு, உதிரிப் புகையிலையை அடுக்கி, நடுவில் சருகில் சுற்றி ஆறையும் வைத்தேன். நான் இந்த வேலையை ஒழுங்காகச் செய்வது இதுதான் முதல் தடவை. மூன்று நாளில் இரண்டு முறை திறந்து சூடு பார்த்தேன். சூடு இல்லை.

விசாரணையில் முதலில் என் குற்றத்தைச் சொல்லுவேன். பிறகு உங்கள் கடிதங்களைத் தேதி வாரியாகக் கொடுப்பேன். உங்களுக்குத் தூக்குக் கிடைக்கலாம், எனக்கு என்ன கிடைக்கும் என்று தெரியவில்லை. உங்கள்மேல் எனக்கு இப்போதும் பாசம் இருக்கிறது. அது இருப்பதால்தான் இந்தக் கடிதத்தை மூன்று தடவை கிழித்து எழுதினேன். நீங்கள் ஓடிப்போவதானால் போங்கள் என்று எழுதலாமா என்று நினைத்தேன். அவனைப் பூட்டி வைத்திருந்தீர்களே என்பது நினைவுக்கு வந்ததால் எழுதவில்லை. விசாரணைக்கு முந்தின நாள் உங்கள் கையில் கிடைக்கிற மாதிரிதான் இதைத் தபாலில் போடச் சொல்லிச் சமைத்துப் போடும் அம்மாளிடம் கொடுக்கிறேன்.

மதினிக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ராத்திரியில் தயிர் வேண்டாம்.

தேருக்கு வா, வா என்று எழுதினீர்கள். வரவில்லை. முடிந்தால் நீயே வா என்றீர்கள், அப்போதும் வரவில்லை. இப்போது வருகிறேன், அண்ணாச்சி.

சிவசைலம்